விமான நிலையம் வரை

"ஏன் தம்பி, பேரனை வழியனுப்ப வந்தவளைக்கூட உள்ளே விட மாட்டீங்களா?"

பெரியம்மா கேட்டதற்கு வாசலில் நின்ற காவலர் சிரித்தார், அவ்வளவுதான். பேரன் பையில் கருவாடு. மூன்று உறை போட்டும் காசிமேட்டு வாசனை அடங்கவில்லை.

2021-ல் மெட்ரோ வந்தபிறகு திருவொற்றியூரில் ஏறினால் நேராக இங்கே இறங்கலாம். அதற்கு முன் எங்கள் வடசென்னை ஆட்களுக்கு மீனம்பாக்கம் ஏதோ வெளியூர்!

அப்புறம் ஜிஎஸ்டி சாலையைத் தாண்டி திரிசூலம் பக்கம் நடந்தோம். வெட்டிக் குடைந்த மலை, பழைய சிவன் கோயில், பேச்சை விழுங்கும் விமானச் சத்தம்.

துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி எண்ணெய் ஆலை எல்லாம் வடக்கே. விமானம் மட்டும் தெற்கே. இப்படிப் பிரித்தது யாரோ.

அடுத்த விமான நிலையத்துக்கும் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரைத்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்.