தண்ணீர் ஊற்றியே கொன்ற கற்றாழை

என் முதல் கற்றாழையை அழுகவிட்டது நான்தான். ரோஜாவுக்கு ஊற்றும் கையோடு அதற்கும் தினம் ஒரு குவளை. ஒரு நாள் மடலைத் தொட்டேன், கொழகொழவென்று அடியோடு கையில் வந்துவிட்டது. நாற்றம் வேறு.

இப்போது இருப்பது அதன் பக்கக்கன்று. அழுகல் ஏறாத ஒன்றைப் பிரித்து, வெட்டிய இடம் காய நிழலில் 4 நாள் போட்டுவைத்தேன். பாதி மணல், பாதி மண் கலந்த தொட்டியில் நட்டு, ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிற செடி இது. ஈரத்தில் அவ்வளவு சிக்கனம். நம் பாசமெல்லாம் அதற்கு வேண்டாம். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன்.

நிழலில் இருந்ததைச் சட்டென்று வெயிலுக்கு மாற்றியபோது மடல்கள் செம்பழுப்பாகிவிட்டன. பதறிப்போய் மறுபடி குவளையைத் தூக்கினேன் (பழக்கதோஷம்!). நல்லவேளை, ஊற்றவில்லை. சில வாரங்களில் தானே பச்சைக்குத் திரும்பியது.

மடல் வேண்டுமென்றால் வெளிச்சுற்றில் முதிர்ந்ததைத்தான் அறுப்பேன். மஞ்சள் பால் வடியும். சாய்த்து நிறுத்தி, அது வடிந்த பிறகே தோல் சீவுவேன். பட்டால் எனக்கு அரிக்கும்.

தொட்டி ஓரம் இப்போது 3 கன்றுகள் எட்டிப் பார்க்கின்றன.