மருந்து ஜீன் ரிப்போர்ட்: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

நோய் எதுவும் இல்லாதவர்கள்கூட இப்போது ஜீனோம் சோதனை செய்துகொள்கிறார்கள். கைக்கு வரும் தடித்த ரிப்போர்ட்டில் பெரும்பாலானவர்களுக்கு உருப்படியாக உதவுவது, எந்த மருந்து உங்கள் உடலில் எப்படி வேலை செய்யும் என்று ஜீனை வைத்துச் சொல்லும் மருந்துப் பகுதிதான். ஆனால் முதல் பக்கத்தின் பச்சை, சிவப்பு வட்டங்களை நம்பிவிட வேண்டாம். கடைசியில் பொடி எழுத்தில் 'சோதிக்கப்பட்ட மாறுபாடுகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு ஜீனுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் உண்டு. ஒவ்வொரு பிரதியின் வகையையும் நட்சத்திரம் போட்ட எண்ணால் குறிப்பார்கள். *1/*1 என்று வந்தால் நார்மல் என்பார்கள். லேப் தேடிய மாறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தேடாத ஒன்று உங்களிடம் இருந்தாலும் அங்கே *1 என்றுதான் அச்சாகும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் க்ளோபிடோக்ரெல், சிஒய்பி2சி19 நொதி அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதிக்கான ஜீனில் *2, *3 இரண்டும் செயலிழந்த வகைகள். *2 நம்மிடையே சர்வசாதாரணம். இரண்டு பிரதியும் செயலிழந்தவர்களுக்கு மருந்து சரிவர வேலை செய்யாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010இலேயே எச்சரித்துவிட்டது. வேகம் கூடிய *17 வகையைத் தீர்மானிக்கும் மாற்றமோ ஜீனின் முன்பகுதியில், புரதத்துக்கான குறிப்பு எழுதப்படாத இடத்தில் இருக்கிறது. புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் சோதனை வழக்கமாக அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எவ்வளவு தருவது என்று முடிவு செய்ய முக்கியமான விகேஓஆர்சி1 ஜீனின் மாறுபாடும் அப்படித்தான் நழுவும்.

எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது சிஒய்பி2டி6 ஜீன். வலி மருந்துகளான கோடீன், ட்ரமடால், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் எல்லாவற்றையும் உடலில் மாற்றுவது இந்த ஜீனின் நொதிதான். பக்கத்திலேயே ஏறக்குறைய அதே எழுத்துகளுடன் சிஒய்பி2டி7 என்ற செயல்படாத ஜீன் இருப்பதால், 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும் இயந்திரம் எது எந்த ஜீனுடையது என்று குழம்பும். போதாததற்கு, சிலருக்கு இந்த ஜீன் மொத்தமாகவே இருக்காது. சிலருக்குக் கூடுதல் பிரதிகள் இருக்கும். கூடுதல் பிரதி உள்ளவர் கோடீன் சாப்பிட்டால் மார்ஃபின் மளமளவென்று உருவாகி மூச்சே அடங்கலாம். 'காப்பி நம்பர்', அதாவது எத்தனை பிரதிகள் என்று பார்த்ததாக ரிப்போர்ட்டில் இல்லையென்றால் 2டி6 முடிவை ஓரமாக வைத்துவிடலாம்.

கேபசிடபின், 5-எஃப்யு என்ற புற்றுநோய் மருந்துகளுக்கு, அவற்றை உடைக்கும் நொதிக்கான டிபிஒய்டி ஜீனில் வழக்கமாகத் தேடும் நான்கு மாறுபாடுகள் ஐரோப்பியர்களை வைத்துத் தேர்ந்தவை. இந்தியர் ஒருவருக்கு அந்த நான்கும் இல்லை என்பது பெரிய உத்தரவாதம் ஆகாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரினுக்கு டிபிஎம்டி ஜீன் மட்டும் பார்த்திருந்தால் பாதி வேலைதான். ஆசியர்களுக்கு என்யுடிடி15 (NUDT15) ஜீனும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சில மருந்துகளுக்கு ஜீன் சோதனையே தேவையில்லை. மயக்க மருந்தோடு தரும் சக்ஸினைல்கோலின் சிலருக்கு நிமிடங்களில் தெளியாமல் மணிக்கணக்கில் தசைகளை முடக்கிப்போடும். அதை உடைக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் நொதி அவர்களிடம் குறைவு. ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. ரத்தத்தில் சூடோகோலினெஸ்டரேஸ் அளவு பார்த்தாலே தெரிந்துவிடும். ப்ரிமாகுயின் என்ற மலேரியா மருந்துக்கு முன் பார்க்கும் ஜி6பிடி நொதியும் அப்படியே; நொதிச் சோதனைதான் நேரடியானது.

முடிவு சரியாகவே இருந்தாலும் கூடச் சாப்பிடும் மருந்து அதைப் புரட்டிப்போடும். மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸடின் எடுப்பவரின் 2டி6 நொதி, ஜீன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படுத்துவிடும். வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் 2சி19ஐ அதேபோல் தடுக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் ரத்தம் கொடுத்தால் வருவது கொடையாளியின் ஜீன். எச்சிலிலும் அது கலந்திருக்கும் என்பதால் லேபிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கண்டுபிடித்த மாறுபாடுகள் பட்டியலாக இருக்கும் விசிஎஃப் கோப்பையும், அது மனித ஜீனோம் வரைபடத்தின் எந்தப் பதிப்போடு, ஜிஆர்சிஎச்37ஆ 38ஆ, ஒப்பிட்டது என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் காட்டும் தாளில் ஜீனின் பெயர், நட்சத்திர எண்கள், சோதித்த முறை மூன்றும் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.