மஞ்சப்பைக்குள் இருந்த சான்றிதழ்

அப்பா 2023 ஐப்பசியில் தவறினார். காரியமெல்லாம் முடிந்து, தங்கையும் அவள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகுதான் காகித வேலைகள் ஆரம்பித்தன. அப்பா பெயரில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் இருந்தது. வங்கியில் சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம். அதற்கு நாமினி போடாமலே விட்டிருந்தார். பட்டா மாற்றவும் சரி, அந்தப் பணத்தை வாங்கி அம்மா கையில் கொடுக்கவும் சரி, போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது வாரிசுச் சான்றிதழ்தான்.

இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அப்பாவின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, எங்கள் மூவரின் ஆதார், உறுதிமொழிப் படிவம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். அம்மா, நான், தங்கை என்று மூன்றே வாரிசுகள். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். வருவாய் ஆய்வாளரும் பார்த்துவிட்டார். இனி தாசில்தார் கையெழுத்துதான் பாக்கி என்று நினைத்திருந்தபோது விண்ணப்பம் திரும்பி வந்தது. இறந்தவரின் தாயாருடைய இறப்புச் சான்று இணைக்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

கேட்டது நியாயம்தான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவி மக்களோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பாவின் அம்மா உயிரோடு இல்லை என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். எங்கள் அப்பத்தா இறந்தபோது எனக்கு ஆறு வயது. ஊருக்கே தெரிந்த சாவு, ஆனால் காகிதம் கிடையாது.

அப்புறம் மூன்று மாதம் அலைந்தேன். அவ்வளவு பழைய பதிவேடு தன்னிடம் இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள் என்றார் வி.ஏ.ஓ. அங்கே எங்கள் கிராமத்தின் 1984, 1985, 1986 பதிவேடுகளைத் தேடச் சொல்லிப் பணம் கட்டினேன். அப்பத்தா பெயர் இல்லை. ஒருவேளை பேரைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பார்களோ என்று மறுபடியும் தேடச் சொன்னேன். இல்லை. அப்படியானால் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, கோட்டாட்சியர் ஆபீசில் மனுப்போட்டு, அவர் உத்தரவின் பேரில் இப்போது புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், ஒரு வருடம் தாண்டிவிட்ட பதிவுக்கு அப்படித்தான் வழி. ஆறு மாதம் ஆகும் என்றார் ஒருவர், ஒரு வருடம் என்றார் இன்னொருவர். வாசலில் நின்ற ஓர் ஆள் எட்டாயிரம் கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தைப் புரட்டிவிடலாமா என்றுகூட அன்று ராத்திரி அம்மாவிடம் பேசினேன். "உங்கப்பா அந்த மாதிரி ஒரு ரூபாய் கொடுத்ததில்லப்பா" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

கோட்டாட்சியருக்கு மனு எழுதுவதற்காக ஒரு வெள்ளைத்தாள் கட்டும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போன நாள்தான் இது. மாசி மாத வெயில். வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் இருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஒருவர்தான் வந்திருந்தார், அவரைச் சுற்றி ஏகப்பட்ட கூட்டம். சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மனுவின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எழுதத் தெரியுமாப்பா?"

அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர். நூல் புடவை, கையில் ஒரு மஞ்சப்பை. காலையில் முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ஜன்னல் வரை போனதும், மனு எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். எழுதுகிறவருக்குக் கொடுக்கப் பணம் கொண்டுவரவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் கையில் காசே இல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார்.

"உட்காருங்க ஆத்தா, எழுதித் தர்றேன்" என்றேன். என் வேலை அரை மணி நேரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதம் 1,200 ரூபாய் வரவேண்டியது. வீட்டுக்காரர் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. இத்தனை நாள் நூறு நாள் வேலைக்குப் போய்ச் சமாளித்தவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரே மகன் திருப்பூரில் இருக்கிறான், அவன் பாடே பெரும்பாடு என்றார். இதைச் சொல்லும்போது மகன்மேல் ஒரு குறையும் வைக்காமல் சொன்னார்.

மனுவில் தேதிகள், எண்கள் எல்லாம் சரியாக இருக்கவேண்டுமே என்று காகிதங்களைக் கேட்டேன். மஞ்சப்பையை அப்படியே என் மடியில் கவிழ்த்தார். ரேஷன் அட்டை, ஆதார், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிய ஆரம்பித்திருந்த விண்ணப்ப ரசீது, வங்கிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய ஒரு தாள். அவர் கணவரின் இறப்புச் சான்றிதழ். அதை மட்டும் தனியாக ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

இறந்த தேதியை எழுதிக்கொள்ளத்தான் அதை எடுத்தேன். 2009 என்று இருந்தது. மேலே பார்த்தால் மதுரை மாநகராட்சி என்று அச்சடித்திருந்தது. இவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம்.

"ஆத்தா, ஐயா மதுரையிலயா இருந்தாரு?"

"இல்லப்பா, ஊர்லதான். மேலுக்கு முடியாமப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கனக்குள்ள போய்ச் சேந்துட்டாக. நானும் இந்தக் காகிதத்துக்கு நம்ம ஊர்லயே தேடித் தேடிச் செருப்புத் தேஞ்சுச்சு. அப்புறம் ஒரு ஆபீசரம்மாதான் சொன்னாக, ஆள் எந்த ஊருங்கிறது கணக்கில்ல, உசுரு எங்க போச்சோ அங்கதான் எழுதியிருப்பாகன்னு."

பேனா கையில் இருந்தபடியே இருந்தது. அப்பத்தா எங்கே இறந்தார் என்று இந்த மூன்று மாதத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஆறு வயதில் நான் பார்த்தது, காலையில் எழுந்து வந்தபோது நடுவீட்டில் அப்பத்தாவைக் கிடத்தியிருந்ததும், தலைமாட்டில் மரக்கால் நிறைய நெல்லும் விளக்கும் இருந்ததும்தான். வீட்டில் பார்த்ததால் வீட்டில் இறந்தார் என்றே வளர்ந்துவிட்டேன்.

முதலில் அந்த அம்மாவின் மனுவை முடித்தேன். உதவித்தொகை விவகாரத்தைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி தாசில்தார். அவருக்கு அறை வேறு. இவர் காலையிலிருந்து நின்றது சாதிச் சான்று வரிசையில். கூடவே போய் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கையில் கொடுத்தேன். தொடர்பு எண் எழுத அவரிடம் போன் இல்லாததால் என் எண்ணையே போட்டேன். டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டோம். பஸ் ஏற்றிவிட்டேன். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பஸ் கிளம்பியதும் அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது, பரமக்குடியில் இருக்கிறார்.

"வீட்டுல எங்கடா செத்துச்சு? பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்துச்சு. உங்கப்பன்தான் கூடவே இருந்தான். பொணமாத் தூக்கிட்டுப் போனா டாக்ஸிக்காரன் வரமாட்டான்னு, காய்ச்சல்காரி மாதிரி போர்த்தி, தன் தோள்ல சாச்சுக்கிட்டு ஊர் வரைக்கும் வந்தான். வழியில ஒரு பொட்டு அழுகல. வீட்டு வாசல்ல எறக்குன பெறகுதான் அழுதான்."

அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, இறந்துபோன என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அன்றுதான் கேட்டேன்.

தேதி என்ன என்றால் அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அத்தையிடம் வேறு கணக்கு இருந்தது. இந்திரா காந்தியைச் சுட்டதற்கு அடுத்து வந்த தை மாதம். எம்.ஜி.ஆர். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து இறங்கியதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில். வருஷா வருஷம் தைப்பூசத்தை ஒட்டித்தானே வீட்டில் படையல் போடுகிறோம் என்றார். எம்.ஜி.ஆர். சிகிச்சை முடிந்து சென்னை திரும்பியது 1985 பிப்ரவரி 4. நூலகத்தில் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்ததில் அந்த வருடத் தைப்பூசமும் அதே வாரத்தில்தான் வந்தது. தேட வேண்டியது மூன்று வருடப் பதிவேடு இல்லை, ஒரே ஒரு வாரம்.

மறுநாளே மதுரைக்குப் போய், அப்பத்தாவின் பெயர், தாத்தாவின் பெயர், ஊர், இறந்த இடம், 1985 பிப்ரவரி முதல் இரண்டு வாரம் என்று தெளிவாக எழுதி விண்ணப்பம் கொடுத்துத் தேடுதல் கட்டணம் கட்டினேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனபோது பதிவேட்டை மேசைமேல் விரித்தே வைத்திருந்தார் அங்கே இருந்த அம்மா. ஓரங்கள் உதிர்ந்த பெரிய புத்தகம், மை பழுப்பேறியிருந்தது. ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து வைத்துக் கீழே நகர்த்திக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். 6.2.1985. அப்பத்தாவின் பெயர். ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. தாத்தா பெயருக்கு இனிஷியல் இல்லை. ஆனால் எங்கள் அப்பத்தாதான்.

எழுத்துப் பிழைக்கு என்ன செய்வது என்று பயந்தேன். பெரிய சிக்கல் இல்லை. வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும் இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, வி.ஏ.ஓ.விடமும் அப்படியே ஒரு சான்று வாங்கி இணைத்தேன். வாரிசுச் சான்றுக்கு மறுபடி அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்து, பதினெட்டாம் நாள் செல்போனுக்குத் தகவல் வந்தது. சான்றிதழைப் பதிவிறக்கி நாலு நகல் எடுத்தேன். வங்கிப் பணம் அம்மா கணக்குக்கு வந்துவிட்டது. பட்டா மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பதிவேட்டைத் தேடுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தேதி என்று கேட்காதீர்கள், அந்தச் சமயத்தில் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தார்களா, எந்த ஆஸ்பத்திரி, உடலை எதில் கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள். பதிவு இல்லை என்ற சான்றை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்போது சான்று வாங்குகிறவர்கள், பெயர், இனிஷியல், ஊர் மூன்றையும் ஆதாரோடு ஒத்துப் பார்த்து, அங்கேயே திருத்தி வாங்கிவிடுங்கள்.

சித்திரையில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தாலுகா ஆபீசிலிருந்து பேசினார்கள். அந்த ஆத்தாவின் மனு உத்தரவுக்குப் போகிறது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் தெளிவாக இல்லை, புதிதாக ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்கள். என் எண்ணைப் போட்டதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வங்கிப் புத்தகத்தை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம், "உங்களாலதான் ஆத்தா எங்க அப்பத்தா காகிதம் கெடச்சுச்சு" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு அந்தத் திண்ணையில் தான் சொன்னதே நினைவில்லை.

"கொண்டாந்திருக்கியா?"

வண்டிப் பெட்டியில் ஒரு நகல் இருந்தது. கொடுத்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"அவுக பேரு எங்கனப்பா இருக்கு?"

காட்டினேன். புளி வாசம் அடிக்கிற விரலால் அந்த வரியை ஒருமுறை தடவிவிட்டு, உள்ளே போய், தன் கணவரின் சான்றிதழைச் சுற்றி வைத்திருந்தது போலவே ஒரு துண்டுத் துணி எடுத்துவந்து, அதில் சுற்றி என் கையில் கொடுத்தார்.