கடல் எங்கே போச்சு? கொங்கண் கரையில் ஒரு திருச்செந்தூர்க்காரி

2012-ல் கல்யாணமாகி மும்பை சயான் கோலிவாடாவுக்கு வந்தேன். கோலிவாடா என்றால் மீனவர் குடியிருப்பு என்று அவர் போனிலேயே சொல்லியிருந்தார். நானும் கதவைத் திறந்தால் கடல் தெரியும் என்ற நினைப்பில் ரயிலேறிவிட்டேன். வந்து பார்த்தால் இட்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அம்மன் கோயில் இருக்கிறது, தெருவெல்லாம் நம்ம திருநெல்வேலிப் பேச்சு கேட்கிறது, கடலைத்தான் காணோம். கோலி மக்கள் கொஞ்சம் பேர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ரயில் நிலையத்தின் பழைய பெயரான கோலிவாடாவும் போய் குரு தேக் பகதூர் நகர் ஆகிவிட்டது. ஓட்டல்களில் சிவப்பாக கோலிவாடா இறால் என்று ஒரு வறுவல் தருகிறார்களே, அது பிறந்தது இந்த ஏரியாவில்தான். அதை ஆரம்பித்தவர்கள் மீனவர்கள்கூட இல்லை, பிரிவினைக்குப் பின் வந்து குடியேறிய பஞ்சாபிக்காரர்கள்.

நான் திருச்செந்தூர் பக்கத்துக்காரி. கடல் இல்லாமல் ஒரு மாதம் இருந்ததே அதிகம். நச்சரித்து நச்சரித்து ஒருநாள் சாயங்காலம் தாதர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஆறு மணி இருக்கும். போய் நின்றதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கடலே இல்லை. கறுப்புச் சேறு, பாறை, பிளாஸ்டிக் பை, அதற்கப்பால் எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு. எங்கள் ஊரில் பத்தடி தூரம் கடல் உள்வாங்கினாலே மறுநாள் பேப்பரில் செய்தி வரும். 2004 சுனாமி வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், உள்வாங்கின கடல் என்ன செய்யும் என்று அப்போது கேட்டதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிட்டது. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பேல்பூரிக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு திரும்பவும் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். சுற்றிலும் பிள்ளைகள் அந்தச் சேற்றுக்குப் பக்கத்திலேயே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தன. இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றுவரை சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

சரி, அதிலும் புத்தி வந்ததா என்றால் இல்லை. அடுத்த வருடம் அலிபாக் போனோம். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா, அங்கிருந்து பஸ். படகு டிக்கெட்டிலேயே பஸ்ஸும் சேர்த்தி. குளிர்காலத்தில் கடற்புறாக்கள் படகுக்குப் பக்கத்திலேயே பறந்து வரும், ஜனங்கள் சிப்ஸ் எறிவார்கள், எறியாதீர்கள் என்று யாராவது கத்துவார்கள். அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் குலாபா கோட்டை நிற்கிறது. சிவாஜி காலத்தில் கட்டியது, பிறகு மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் முக்கியக் கோட்டைகளில் ஒன்று. தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம். நாங்களும் பதினொரு மணிக்குக் கணுக்கால் தண்ணீரில் சளப் சளப் என்று நடந்து போனோம். உள்ளே பிள்ளையார் கோயில் இருக்கிறது, கடலுக்கு நடுவிலும் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர் இருக்கிறது, மதிலில் உட்கார்ந்தால் காற்று. பொட்டலம் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றைத் தின்றுவிட்டு ஆற அமர இரண்டரை மணிக்கு வெளியே வந்தால் நடந்து வந்த வழியைக் காணோம். கணுக்கால் தண்ணீர் இப்போது இடுப்பளவு. எனக்கு நீச்சல் தெரியும், புடவையோடு தெரியாது. குதிரை வண்டிக்காரர் ஒருவர் சக்கரம் பாதி முங்க வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார். அவருக்கு இது தினசரிப் பிழைப்பு போல, எங்களை மாதிரி நாலு பேர் உள்ளே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள் என்று தெரிந்தே நிற்கிறார்.

இந்தக் கதையை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் மாவ்ஷியிடம் சொன்னேன். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி, பெரியம்மா முறை. தெரியாத வயதான பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பாம்ஃப்ரெட்டின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, திதி பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். திதியை முக்காலால் பெருக்கு, வருவதுதான் ஏற்றம் முழுதாக இருக்கும் மணி என்றார். பஞ்சமியா, அஞ்சில் முக்கால் மூன்றேமுக்கால், அப்போது கடல் நிறைந்து நிற்கும். அதிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து வற்றம். ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியில் நடுப்பகலுக்கும் நடு ராத்திரிக்கும் கடல் சுவரை முட்டும், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஓடிப்போய்விடும். அஷ்டமியில் இது தலைகீழ். வீட்டுக்கு வந்து அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்த நாள்காட்டியின் பழைய தாள்களைப் புரட்டினேன். நான் தாதரில் ஓடியது ஐப்பசிப் பௌர்ணமியன்று சாயங்காலம்.

அதற்கப்புறம்தான் இந்தக் கடலின் குணமே புரிந்தது. எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. மும்பையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் நாலு மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்றால் தட்டையான மணலில் அது எத்தனை தூரம் போய் வரும் என்று பாருங்கள். கொங்கண் ஊர்களுக்கு விடுமுறை போட்டுக் கிளம்புகிறவர்கள் ஓட்டலின் படத்தைப் பார்க்கிறார்கள், விமர்சனம் படிக்கிறார்கள், திதி பார்ப்பதில்லை. சூரிய அஸ்தமனம் பார்க்க பௌர்ணமியன்று போய்ச் சேற்றைப் படம்பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சிலர் காரை மணலில் இறக்கி நிறுத்திவிட்டு வடாபாவ் தின்னப் போவார்கள், வந்து பார்த்தால் கார் குளித்துக்கொண்டிருக்கும். அந்த வீடியோக்கள் வருடா வருடம் வருகின்றன, ஆனாலும் புதுசாக ஒருவர் இறக்குகிறார்.

அலிபாக் இப்போது கூட்டம். சனி ஞாயிறுகளில் மும்பையே அங்கே வந்து நிற்கிறது. 2020-லிருந்து மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையில் காரோடு ஏற்றிக்கொள்ளும் பெரிய கப்பலும் ஓடுகிறது, கேட்கவா வேண்டும். அதனால் நாங்கள் அலிபாக்கில் இறங்கி, சிவப்பு எஸ்.டி. பஸ் பிடித்து (அதற்கு லால் பரி என்று செல்லப்பெயர், சிவப்புத் தேவதை, நம்ம ஊர் டவுன் பஸ்ஸுக்கு யாராவது இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா?) தெற்கே போய்விடுவோம். அக்ஷி, நாகாவ், ரேவ்தண்டா, அப்புறம் முகத்துவாரத்தைத் தாண்டினால் கோர்லாய். தென்னை, பாக்கு, நடுவில் செம்மண் வழி, ஓட்டு வீடுகள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் போன மாதிரியே இருக்கும்.

எனக்கு இவற்றில் மறக்கமுடியாதது கோர்லாய்தான். குன்றின் மேல் போர்ச்சுக்கீசியக் கோட்டை, அடிவாரத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். போர்ச்சுக்கீசியர்கள் 1740-லேயே இந்த இடத்தை மராட்டியர்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் வீட்டுக்குள் இன்றும் பேசுவது மராத்தி கலந்த ஒரு போர்ச்சுக்கீசிய மொழி. அதை அவர்கள் நோ லிங் என்கிறார்கள், நம்ம மொழி என்று அர்த்தம். ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் பேரனை அந்த மொழியில் திட்டிக்கொண்டிருந்தார், திட்டு என்பது மட்டும் எங்களுக்கும் புரிந்தது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "மம்மி, அவங்க என்ன போல்றாங்க?" என்று கேட்டாள். முந்நூறு வருடத்துக்குப் பக்கமாக ஒரு கிராமம் தன் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, நான் ஏழு வருடத்தில் 'பேசுறாங்க'வைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முழுக்க அவளுக்குத் தமிழில் மட்டும்தான் பதில் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடம், பழையபடி ஆகிவிட்டது.

இன்னும் தெற்கே காஷித் என்ற வெளுப்பு மணல் கடற்கரை, கூட்டத்துக்குப் பேர்போனது, நாங்கள் நிற்பதில்லை. அடுத்து முருட். பக்கத்து ராஜபுரியில் பாய்மரப் படகு ஏறி ஜஞ்சிரா கோட்டைக்குப் போகலாம். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் ஆண்ட கோட்டை. சிவாஜியும் முயன்றார், மகன் சம்பாஜியும் முயன்றார், மராட்டியர்களால் பிடிக்கவே முடியவில்லை. படகு கிட்டே போகிற வரை வாசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, மதில் அப்படி வளைந்து மறைக்கிறது. உள்ளே பெரிய நன்னீர்க் குளம் உண்டு, ஒரு காலத்தில் ஒரு ஊரே உள்ளே இருந்திருக்கிறது. கோட்டைக்குள் இறங்கும் இடத்தில் படகு ஆடுகிற ஆட்டத்தில் மாமியாரைத் தூக்கி இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் படகு கிடையாது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகளும் மழைக்கு நின்றுவிடும்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நம்ம சீலா இங்கே சுர்மாய், அயிலை இங்கே பாங்க்டா. தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்கிறார்கள், புளிக்குப் பதில் கோகம், அது நம்ம குடம்புளிக்குச் சொந்தக்காரப் பழம். அதையே தேங்காய்ப்பாலில் கலந்து சோல்கடி என்று ரோஸ் நிறத்தில் தருவார்கள், முதல் தடவை பால் கெட்டுவிட்டதோ என்று தோன்றும், மூன்றாவது தடவை நீங்களே இன்னொரு டம்ளர் கேட்பீர்கள். காலையில் காவ்னே என்று மெல்லிசாக ஒரு அரிசி தோசை, விசேஷ நாளில் உக்கடிச்சே மோதக், அதாவது நம்ம பூரணக் கொழுக்கட்டை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: எல்லாக் கடலோர வீட்டிலும் மீன் கிடைக்காது. திவேஆகரில் நாங்கள் தங்கிய வீடு சுத்த சைவம். கடலிலிருந்து நூறு அடி தள்ளி உட்கார்ந்து பயறு கறி தின்றோம். அறை போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலமும் மாறும். நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் அம்மா போனில் மீனே இல்லட்டி என்று அழும்போது நான் இங்கே சுர்மாய் பொரித்துக்கொண்டிருப்பேன், ஜூலையில் அம்மா பழிவாங்குவாள்.

நாலைந்து நாள் லீவு கிடைத்தால் கொங்கண் ரயிலில் ரத்னகிரி போகலாம். பர்மாவின் கடைசி அரசர் தீபாவை 1885-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து, முதலில் மதராசில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் இங்கே கொண்டுவந்தார்கள். குன்றின்மேல் அவருக்குக் கட்டிய அரண்மனை இருக்கிறது, 1916-ல் அங்கேயே இறந்துபோனார். கொஞ்சம் வடக்கே கண்பதிபுலே, கடற்கரையில் சுயம்புப் பிள்ளையார், குன்றையே சுற்றி வருவதுதான் பிரதட்சிணம். அண்ணன் மேற்குக் கடலில், தம்பி எங்கள் கிழக்குக் கடலில் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். இல்லையே, கார்த்திக்தானே மூத்தவன், அவன் பிரம்மச்சாரியாச்சே என்றார். வள்ளி, தெய்வானை என்று நான் இரண்டு பெயரைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அதற்கும் தெற்கே மால்வண், 1664-ல் சிவாஜி கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை. காரில் போகிறவர்களுக்கு 66-ஆம் நெடுஞ்சாலை. வேலை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது, முதுகுவலிக்காரர்கள் ரயிலில் போங்கள். பன்வேலில் தொடங்கும் அந்தச் சாலை முடிவது கன்னியாகுமரியில். குழியில் வண்டி விழும்போதெல்லாம் இவர், இப்படியே விட்டால் ஊருக்குப் போய்விடலாம் என்பார்.

போன வருடம் தைப்பூசத்துக்கு அம்மா முதல்முறையாக மும்பை வந்தாள். அக்ஷியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். பௌர்ணமி என்று தெரியும், வேறு நாள் லீவு இல்லை. சாயங்காலம் தோப்பைத் தாண்டி அழைத்துப் போனேன். அம்மா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "ஏட்டி, கடலு எங்க?"

"வரும்மா. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும்."

"டவுன் பஸ்ஸாட்டி?"

பயப்படவில்லை, என்னை மாதிரி ஓடவுமில்லை. ஈர மணலில் உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கினாள், சேற்றைக் கிண்டி மட்டி எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய்க் கூடையை எட்டிப் பார்த்தாள். அவர்கள் மராத்தியில் ஏதோ சொன்னார்கள், இவள் தமிழில் ஏதோ சொன்னாள். இருட்டியதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். பகலெல்லாம் பஸ்ஸில் வந்த அலுப்பு, நான் உடனே தூங்கிவிட்டேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அம்மா. தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள், கால் ரெண்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. மணி பார்த்தேன், பன்னிரண்டேகால்.

"எந்திரிட்டி. வந்துட்டு."