உணவுக் கழிவு எரிவாயு நிலையத்துக்கு உள்ளாட்சி அனுமதி பெற்ற அனுபவம்

உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்துக்கு அனுமதி கேட்டுப் போகிறவர்கள், அதிகாரிகள் வாயுவின் ஆபத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. எங்களிடமும் அதைக் கேட்டார்கள். ஆனால் எங்கள் விண்ணப்பம் எத்தனை துறைகளுக்குப் போக வேண்டும், எந்தக் கட்டணம் பொருந்தும், ஒப்புதல் எப்போது கிடைக்கும் என்பதையெல்லாம் தீர்மானித்தது, வாயு பிரிந்த பிறகு கலனில் மிஞ்சும் கூழ்தான். இந்த வேலையில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சமையலறைகளிலும் சந்தைகளிலும் தரம் பிரித்து வாங்கும் கழிவில் நாளொன்றுக்கு 2 டன் வரை மூடிய கலனில் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்க வைத்து வாயு எடுக்கும் நிலையம் எங்களுடையது. விண்ணப்பத்தை எடுத்ததும் எழுந்த முதல் கேள்வி, இதைக் கழிவு பதப்படுத்தும் இடமாகக் கொள்வதா, எரிபொருள் உற்பத்தி செய்யும் தொழிலாகக் கொள்வதா என்பது. அதைப் பொறுத்துக் கட்டண அட்டவணையே மாறிவிடும். கழிவு நிலையமாக இருந்தால் உள்ளே வரும் எடையை வைத்தும், உற்பத்தித் தொழிலாக இருந்தால் இயந்திரத் திறனை வைத்தும், கட்டடம் என்று மட்டும் பார்த்தால் பரப்பளவை வைத்தும் கணக்கிடுவார்கள். ஒரே நிலையத்துக்கு மூன்று அளவுகோல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழக்கூடும் என்பது தெரிந்ததும், எந்த அடிப்படையில் எந்தக் கட்டணம் விதிக்கப்படுகிறது என்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கினோம். பின்னர் வேறொரு மேசையில் வேறு விளக்கம் சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் கடிதம்தான் பேச்சை முன்னே நகர்த்தியது. இந்த ஒன்றை யாரும் தவறவிட வேண்டாம் என்று வலியுறுத்துவேன்.

ஆரம்பக் கலந்தாய்வில் சுகாதாரப் பிரிவு அதிகாரி ஒருவர் வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "2 டன் உள்ளே வருகிறது, சரி. வெளியே எவ்வளவு போகிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையை நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தோம். ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 100 கன மீட்டர் வாயு கிடைக்கும் என்று கொண்டால், 2 டன்னுக்கு 200 கன மீட்டர். மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த அந்த வாயு ஒரு கன மீட்டர் சுமார் 1.2 கிலோ எடை இருக்கும். ஆக, 2,000 கிலோவில் வாயுவாக வெளியேறுவது 240 கிலோ மட்டுமே. மீதி 1,760 கிலோவும், கரைக்கச் சேர்க்கும் தண்ணீரும் கூழாக அன்றன்றைக்கு வெளியே வந்தாக வேண்டும். கழிவுக்குச் சமமாகத் தண்ணீர் சேர்த்தால் அது மூன்றே முக்கால் டன்னை நெருங்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் அதிகாரி, இது எரிவாயு விண்ணப்பம் என்பதைவிடக் கழிவுநீர் விண்ணப்பம் என்றே தமக்குப் படுவதாகச் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கூழுக்கு எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பொதுச் சாக்கடையில் விடுவதற்குத் தனி இசைவு வேண்டும். அதன் கட்டணம் அளவை மட்டும் பொறுத்ததன்று, கழிவுநீரின் கரிமச் சுமையையும், அதாவது அதில் கலந்திருக்கும் அழுகும் பொருளின் அளவையும் பொறுத்தது. சாதாரண வீட்டுக் கழிவுநீரைவிட இந்தக் கூழின் சுமை பல மடங்கு அதிகம் என்பதால் அந்த வழி கட்டுப்படியாகவில்லை. அப்படியே வயலுக்கு அனுப்பலாம் என்றால், நோய்க்கிருமிகள் அழிந்திருக்கின்றன என்பதற்குச் சான்று கேட்டார்கள். ஐரோப்பிய விதிகளில் இதற்காகக் கழிவை 12 மில்லிமீட்டருக்கு மிகாமல் அரைத்து, 70 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கும் முறை இருக்கிறது. எங்களிடம் கிடைக்கும் வாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே அதைச் செய்ய முடியும் என்று காட்டினோம். மூன்றாவது வழி, கூழைப் பிழிந்து திடப்பொருளை மக்க வைத்து உரமாக்குவதும், தெளிந்த நீரைத் திரும்பவும் கரைசலுக்கே பயன்படுத்துவதும் ஆகும். இதற்கும் வரம்பு உண்டு. உணவுக் கழிவில் புரதம் மிகுதி என்பதால், நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினால் அம்மோனியா சேர்ந்து, மீத்தேன் தரும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்து ஒரு திட்டம் தந்தோம். உரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதித்த விவசாயிகளின் ஒப்பந்தக் கடிதங்களையும், மழைக்காலத்தில் வயலுக்கு அனுப்ப முடியாத வாரங்களில் கூழைத் தேக்கி வைக்கும் தொட்டியின் கொள்ளளவையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு அடுத்த துறைக்குச் சென்றது. தேக்கத் தொட்டியைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். அதை முதல் வரைபடத்திலேயே காட்டிவிட்டால் திருத்திய வரைபடத்துக்கு மறுபடியும் பரிசீலனைக் கட்டணம் கட்ட நேராது.

கட்டணங்களில் பரிசீலனைக் கட்டணம் திரும்ப வராது. நிலையம் மூடப்பட்டால் இடத்தைச் சுத்தம் செய்வதற்கென வாங்கும் வைப்புத்தொகை திரும்ப வரும். இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டச் சொன்னால், தனித்தனி ரசீது கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்குப் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தியது கலன்களின் பரப்பளவுக் கணக்கு. முதல் கணக்கீட்டில் வட்டவடிவச் செரிகலன்களின் மேற்பரப்பைக் கூரையிட்ட கட்டடப் பரப்பாகச் சேர்த்திருந்தார்கள். ஆள் நுழைந்து புழங்க முடியாத மூடிய கலன், தண்ணீர்த் தொட்டியைப் போல ஒரு கட்டமைப்பேயன்றித் தளப்பரப்பு ஆகாது என்று பொறியாளரின் குறிப்புடன் மனுக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டு கணக்கைத் திருத்தினார்கள். அனுமதி கேட்கும் கொள்ளளவையும் யோசித்தே எழுத வேண்டும். எடை கூடக் கூடக் கட்டணப் படிநிலை ஏறும். குறைத்து எழுதினாலோ, பின்னால் விரிவாக்கத்துக்குப் புதிய விண்ணப்பம் வேண்டியிருக்கும்.

தீயணைப்புத் துறையின் ஆய்வு கண்டிப்பாக இருந்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆய்வாளர் வாயுக்கலனின் விளிம்பிலிருந்து வேலி வரை, வேலியிலிருந்து மின்பலகை வரை என்று நாடாவைப் பிடித்துத் தாமே அளந்தார். குழாய் வழியே தீ கலனுக்குள் பரவாமல் தடுக்கும் சுடர் தடுப்பானின் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளிருந்த வலையைப் பார்த்தார். கலனுக்குள் இறங்கும் பணியாளுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டார். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மூக்கு அதன் வாடையை உணர்வதையே நிறுத்திவிடும். எனவே வாடையை நம்பாமல் அளவுமானியைக் கையில் வைத்திருக்க வேண்டும், வெளியே ஒருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது என்ற நடைமுறையை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். மனித உயிர் தொடர்பான இந்தப் பகுதியில் செலவைக் குறைக்கப் பார்ப்பது எனக்கு ஒருபோதும் ஒப்புதலில்லை.

அக்கம்பக்கத்தாரின் கருத்துக் கேட்பில் எல்லாரும் சொன்ன ஒரே அச்சம் நாற்றம். மூடிய கலனிலிருந்து வாடை வராது. கழிவு வண்டி வந்து கொட்டும் கூடத்திலிருந்துதான் வரும். ஆகவே கொட்டும் கூடத்துக்குத் தானாக மூடும் கதவும், உள்காற்றை உறிஞ்சி மரத்துகள் படுகை வழியே வெளிவிடும் வடிகட்டியும் அமைப்பதாக ஒப்புக்கொண்டு, அதை அனுமதி நிபந்தனையாகவே சேர்க்கும்படி நாங்களே கேட்டோம். வாய்மொழி உறுதியை விட அது அவர்களுக்கு நம்பிக்கை தந்தது.

ஆண்டுக் கட்டணத்தில் சலுகை கோரிய மனுவில், 2022ஆம் ஆண்டில் உலக அளவில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருப்பதையும், குப்பை மேட்டில் அழுகும் உணவு வெளிவிடும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவதையும் குறிப்பிட்டிருந்தோம். ஆயினும் அந்த உலகக் கணக்கை விட, குப்பைக் கிடங்குக்குச் செல்லாமல் எங்களிடம் வந்த எடையின் மாதாந்தரப் பதிவேடுதான் மனுவுக்கு வலுச் சேர்த்தது. கிடங்கில் கொட்டும் ஒரு டன்னையும் கிடங்கிலிருந்து விலக்கும் ஒரு டன்னையும் ஒரே கட்டணப் படிநிலையில் வைப்பது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. அனுமதியின் முதல் புதுப்பிப்பின்போது எங்களுக்குக் குறைந்த படிநிலை கிடைத்தது. வந்த கழிவு, பிரித்தொதுக்கிய நெகிழி, எடுத்த வாயு, வெளியேறிய கூழ், அதைப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் ஆகியவை பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.