வெள்ளை சாஸ்: அரை லிட்டர் பாலுக்கு எவ்வளவு மைதா?

எங்கள் வீட்டில் வெள்ளை சாஸ் ஒரு நாள் தண்ணியாக ஓடும், இன்னொரு நாள் களியாக நிற்கும். ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டுத் தராசை எடுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் சுமார் 14 கிராம். அதே ஸ்பூனில் தலைதட்டிய மைதா 8 கிராம்தான். இரண்டும் எடையில் சமமாக இருக்க வேண்டும்.

இப்போது எல்லாமே ஆவின் அரை லிட்டர் பாக்கெட் கணக்கு. வெண்ணெயும் மைதாவும் தலா 30 கிராம் போட்டால் பாஸ்தாவுக்குச் சரி. காய்கறி மேல் ஊற்றி ஓவனில் வைப்பதற்கு 40. கட்லெட்டுக்குப் பிடிக்க 80 வரை போகலாம். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. பச்சையில் ருசி கூடுகிறது, பதம் பெரிதாக மாறவில்லை. ஆரஞ்சு எனக்குத் திகட்டிவிட்டது.

உருகிய வெண்ணெயில் மைதாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை மட்டும் வறுக்கிறேன். சிவந்தால் அதன் இறுக்கும் சக்தி குறைந்துவிடும். காலையில் காய்ச்சி ஆறிய பாலில் ஆடையை எடுத்துவிட்டு, முதலில் கால் டம்ளர் மட்டும் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குகிறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீதி.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். கொதிக்கும் முன் சாஸ் தண்ணியாகவே தெரியும், கை தானாக மைதா டப்பாவுக்குப் போகும். போகவே கூடாது! கொதி வரும்போதுதான் மாவில் உள்ள ஸ்டார்ச் நன்றாக வீங்கி இறுகுகிறது. கொதித்த பிறகும் சிறு தீயில் ஐந்து நிமிடம் அடிபிடிக்காமல் கிளறினால் மாவு ருசி போய்விடும்.

கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். பாஸ்தாவுக்கு மட்டும் அதற்குச் சற்று முன்பே இறக்குகிறேன். ஆறும்போது தானாக இறுகும், பாஸ்தாவும் உறிஞ்சும். அப்படியும் இறுகினால், பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. சீஸ் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகுதான், இல்லாவிட்டால் திரிதிரியாகிறது. உப்பு கடைசியில், கடை வெண்ணெயில் பெரும்பாலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

அடுத்து கோதுமை மாவில் பார்க்க வேண்டும். தங்கை வீட்டில் மைதாவே வாங்குவதில்லை. தவிடு இருப்பதால் நிறம் வெள்ளையாக வராது, அது இப்போதே தெரியும்.