34 பாகை

ரவிக்கை அளவெடுக்கும்போது தையல்கார அக்கா வலது தோளுக்கு மட்டும் அரை அங்குலம் கூட்டிக் குறித்துக்கொள்வார். நான் சொல்லவே வேண்டியதில்லை. 14 வயதில் பள்ளியில் கூன் என்றார்கள். அது கூன் அல்ல. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. எக்ஸ்ரேயில் அளக்கும் காப் கோணம் 10 பாகையைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ். எனக்கு 34. வளர்ச்சி நின்ற பிறகு, 50 பாகையைத் தாண்டிய வளைவுகள்தான் பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும் என்று மருத்துவர் சொன்ன இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வயதில் பயிற்சியால் வளைவு நிமிராது. எனக்கு வலி குறைந்திருக்கிறது. காலையில் சுருட்டிய துண்டை வலது விலாவின் கீழ் வைத்து ஒருக்களித்துப் படுத்து, உள்வாங்கிய இடது விலாவுக்குள் மூச்சை இழுக்கிறேன். இயன்முறை மருத்துவர் அங்கே விரலை வைத்து, "உங்கள் மூச்சு இதைத் தள்ள வேண்டும்" என்பார். மூன்றாவது வாரம் தள்ளியது. கண் கலங்கிவிட்டது. தண்ணீர்க் குடத்தை மட்டும் இன்னும் மகன்தான் தூக்குகிறான்.